ரெக்கார்டு நோட்டு மட்டும் எப்படி முடியுது?

நம்ம காலேஜ்ல யாரைக் கேட்டாலும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "எழுதணும் மச்சி, ஐடியா இருக்கு, செமஸ்டர் முடியட்டும்." செமஸ்டர் முடியும். லீவு வரும். லீவு முடிஞ்சு அடுத்த செமஸ்டரும் வரும். ஐடியா மட்டும் போன் நோட்ஸ்ல 'கதை - 1' என்ற பெயரில், ரெண்டு வரியோட, அப்படியே கிடக்கும்.

இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இதே ஆள்தான் பிராக்டிகலுக்கு முந்தின ராத்திரி, எட்டு எக்ஸ்பெரிமென்ட் ரெக்கார்டை, கிராஃப் ஷீட் ஒட்டி, இன்டெக்ஸ் போட்டு, காலையில் கையெழுத்து வாங்கிடறான். கை ஓடுது, மூளை ஓடுது, தூக்கத்தைக்கூடத் தள்ளி வைக்க முடியுது. அப்போ குறை எங்கே? ரெக்கார்டுக்கு ஒரு தேதி இருக்கு, அதைக் கையில் வாங்கிப் பார்க்க ஒரு ஆள் இருக்கார், கொடுக்கலைன்னா மார்க் போகும். கதைக்கும் கட்டுரைக்கும் இது மூணும் கிடையாது. நம்ம எழுதலைன்னு யாரும் லேப் வாசலில் நிற்க வைக்கப் போறதில்லை.

2007-ல் பியர்ஸ் ஸ்டீல் என்ற உளவியலாளர், தள்ளிப்போடுதல் பற்றி அதுவரை வந்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால்: வேலை கசப்பாக இருந்தால் தள்ளிப்போடுவோம், நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருந்தால் தள்ளிப்போடுவோம், பலன் தூரத்தில் இருந்தால் தள்ளிப்போடுவோம், பக்கத்தில் வேற ஏதாவது இழுத்தால் உடனே அந்தப் பக்கம் சாய்வோம். எழுத்துக்கு இந்த நாலும் பொருந்தும். பலன் எப்போ வரும்னே தெரியாது, போன் மட்டும் கையிலேயே இருக்கு.

இதற்கு நம்ம ஏரியாவிலேயே ஒரு பழைய கதை இருக்கு. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் தினமும் இறங்குகிற பலருக்கே தெரியாத கதை.

வள்ளலார் என்று நாம் சொல்கிற இராமலிங்க அடிகள் (1823–1874) இளமைக் காலத்தில் குடியிருந்தது ஏழுகிணறு. அங்கிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய் வருவாராம். அந்த ஆண்டுகளில் ஒற்றியூரைப் பற்றி மட்டும் ஏகப்பட்ட பாடல்கள் எழுதியிருக்கிறார். 'எழுத்தறியும் பெருமான் மாலை' என்று ஒன்று உண்டு. அந்தக் கோயில் சாமிக்கு எழுத்தறியும் பெருமான் என்றே பெயர். அரசன் எழுதிய வரி ஓலையில், வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று சாமியே ஒரு வரியைச் செருகிவிட்டார் என்பது தல புராணம். (எடிட்டிங் வேலையை எவ்வளவு பெரிய இடத்தில் ஆரம்பித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!)

1850களின் கடைசியில் அவர் சென்னையை விட்டுக் கடலூர்ப் பக்கம் போய்விட்டார். பாடல்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை அச்சுக்குக் கொண்டு வர அவருக்கு ஆர்வமே இல்லை. நம்மைப் போல 'அப்புறம் பார்த்துக்கலாம்' கிடையாது. பெயரும் புகழும் வேண்டாம் என்று ஒதுங்கியவர் அவர். ஆனால் காரணம் எதுவானாலும், சென்னையில் இருந்த நண்பர்கள் பார்வையில் விளைவு ஒன்றுதான்: பாட்டு இருக்கு, புத்தகம் இல்லை.

இங்கேதான் இறுக்கம் இரத்தின முதலியார் வருகிறார். அவர் கடிதம் மேல் கடிதம் போட்டார். பாடல்களை அனுப்புங்கள், அனுப்புங்கள் என்று. நடக்கவில்லை. 1860 வாக்கில் அவர் ஒரு முடிவெடுத்தார்: பாடல்கள் கைக்கு வந்து சேரும் வரை நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவேன். சேதி தெரிந்ததும் வள்ளலார் பதறிப்போனார். பசித்த உயிரைப் பார்க்கப் பொறுக்காதவரிடம் போய் ஒருத்தர் பட்டினியை வைத்துக் கெடு விதித்தால் என்ன ஆகும்? அப்படிச் செய்ய வேண்டாம், பாடல்களை அனுப்பி வைக்கிறேன் என்று எழுதினார். அதற்குப் பிறகும் சேர்ப்பது, ஒழுங்குபடுத்துவது, அச்சிடுவது என்று சில ஆண்டுகள் ஓடின. தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்தார். 1867-ல் முதல் நான்கு திருமுறைகள் 'திருவருட்பா' என்று வெளிவந்தன. புத்தகத்தில் தன் பெயரை 'இராமலிங்கசாமி' என்று போடுவது ஆரவாரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்று அதற்கும் ஒரு கடிதம்! மீதித் திருமுறைகள் அவர் காலத்துக்குப் பின், 1880-லும் 1885-லும்தான் வந்தன.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இரத்தின முதலியார்தான். அவர் "நீங்க பெரிய ஆளு, எழுதுங்க, கலக்குங்க" என்று ஊக்கப்படுத்திவிட்டுப் போகவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நமக்கு மோட்டிவேஷன் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. "எங்கடா அந்த ரெண்டாவது பக்கம்?" என்று கேட்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

தேதி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு உதாரணம் உ.வே.சாமிநாதையர். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வாராவாரம் வரத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 85. சங்க நூல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்த மனுஷன், சொந்தக் கதைக்கு வந்து சேர அவ்வளவு நாள் ஆகியிருக்கு! ஆனால் வாரப் பத்திரிகையின் கெடு வந்ததும் 122 அத்தியாயங்கள் வந்துவிட்டன. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். வாழ்க்கையின் பிற்பாதி எழுதப்படவே இல்லை. பிறகு மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' எழுதினார். ஆனாலும் அது மாணவர் சொல்கிற கதைதானே.

சரி, நமக்கு விகடன் கெடு கொடுக்கப் போவதில்லை. நாமே வைத்துக்கொள்ளும் கெடு வேலை செய்யுமா? டான் ஏரியலி, கிளாவுஸ் வெர்ட்டன்பிராக் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். பிழை திருத்தும் வேலையை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சம இடைவெளியில் தேதிகள். ஒரு குழு தானே தேதி வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குழு கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்தால் போதும். சம இடைவெளிக் குழுதான் அதிகப் பிழைகளைப் பிடித்தது. தானே தேதி வைத்த குழு நடுவில். 'கடைசியில் மொத்தமாக' குழு கடைசி. நமக்கு நாமே வைக்கும் கெடு ஒன்றுமில்லாததைவிட நல்லது, ஆனால் வெளியே ஒரு ஆள் வைத்தால் இன்னும் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"ஆனா எழுத்து மூடு சார்ந்த விஷயம் இல்லையா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பேராசிரியர்களை வைத்தே இதைப் பார்த்தார். மூடு வந்தால் எழுதலாம் என்று விடப்பட்டவர்களைவிட, எழுதியே ஆக வேண்டும் என்று கட்டுக்குள் வைக்கப்பட்டவர்கள் மூன்று மடங்குக்கும் மேல் எழுதினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் அடுத்தது: புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அடிக்கடி தோன்றின. எழுத உட்கார்ந்த பிறகுதான் மூடு வருது போல. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடிகாலையில் கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம், ஆளைப் பார்த்தாலே பயமா இருக்கு.

தேதியும் ஆளும் கிடைத்த பிறகும் ஒரு தடை மிச்சமிருக்கும். அது நம்ம பக்கத்துக்கே உரியது. காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் இருந்து வருகிற நம்ம பசங்க, பொண்ணுங்க பலபேர் எழுதாததற்குக் காரணம் நேரமில்லை. "நம்ம தமிழ் பத்திரிகைத் தமிழ் இல்லையே"ன்னு ஒரு கூச்சம். ஸ்டீல் சொன்ன 'நம்மால் முடியும் என்ற நம்பிக்கை' அடிபடுகிற இடம் இதுதான். ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். சென்னைச் சேரி மனிதர்களை அவர்கள் பேச்சோடே கதைக்குள் கொண்டு வந்தார், ஞானபீட விருதும் வாங்கினார். உங்க வீட்டில் பேசுற பேச்சை முதல் பிரதியில் அப்படியே எழுதுங்க. திருத்துவது வேற நாள் வேலை. ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், வெல்டிங் அடிக்கும்போதே பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும்.

எங்க பேட்ச்ல ஒருத்தன் இருக்கான். வீடு எண்ணூர் முகத்துவாரம் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றில் பரவியபோது, படகிலும் வலையிலும் ஒட்டினதை நேரில் பார்த்தவன். நியூஸ் சேனல், ஆய்வறிக்கை, வெளியூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் என்று எல்லாரும் எழுதிட்டாங்க. அவன் போனில் பதினோரு வாய்ஸ் நோட் இருக்கு. அவங்க பாட்டி பேசினது. இன்னும் ஒரு வரிகூடத் தட்டச்சு ஆகல. எந்த வீட்டில் முதல்ல நாத்தம் வந்தது, எண்ணெய் படிஞ்ச நண்டை என்ன பண்ணாங்க, இதெல்லாம் எந்த அறிக்கையிலும் இல்லை. இந்த விஷயத்தில் தள்ளிப்போட்டால் போவது மார்க் இல்லை. பாட்டிக்கு இப்போதே சில நாள் வரிசை குழம்புது.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்றேன். 'கட்டுரை எழுதணும்' என்று வைத்துக்கொள்ளாதீங்க, அது மலை மாதிரி தெரியும். எந்த இடம், எந்த நேரம், என்ன வேலை என்று மூன்றையும் சேர்த்து வையுங்க. "விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும், இறங்குற வரைக்கும் ஒரு வாய்ஸ் நோட்டை எழுத்தாக்குவேன்." 'நேரம் கிடைக்கும்போது' என்ற திட்டத்தைவிட இப்படி இடம் குறித்த திட்டம்தான் நிறைவேற வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்பவர் தொடர்ந்து ஆய்ந்து காட்டியிருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி வரிசையே தாராளமாக நேரம் கொடுக்கும். உட்கார சீட் கிடைத்தால்!

அடுத்து ஒரு இரத்தின முதலியாரைப் பிடியுங்க. நெருங்கிய நண்பர் வேண்டாம். அவர் மன்னிச்சு விட்டுடுவார். கொஞ்சம் தள்ளி இருக்கிற ஆள், வேற டிபார்ட்மென்ட்னா இன்னும் நல்லது. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, எழுதினது எவ்வளவு மோசமா இருந்தாலும் அவருக்குப் போயிடணும். இந்த இதழுக்கு எங்க குழுவில் அப்படித்தான் ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்திருக்கிறோம். எண்ணூர்க்காரனுக்குக் கிடைத்திருப்பது செகண்ட் இயர் சிவில் அக்கா ஒருத்தர், பதில் வரலைன்னா நேரா கேன்டீனுக்கே வந்து கேட்கிற ரகம்.

கேட்கிற பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. "சூப்பர் மச்சி"ன்னு ஹார்ட் போட்டு முடிச்சுடாதீங்க. எந்த இடம் புரியலைன்னு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க. அந்தக் கேள்விக்குப் பதில்தான் அவருக்கு அடுத்த வாரம் எழுத வேண்டிய பத்தி.