வீடு வாங்குவோரும் அண்டை அயலாரும்: கடக்வாஸ்லா தரும் படிப்பினை

மத்திய அரசு ஊழியர் பலர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அரசுக் குடியிருப்புகளிலேயே கழிக்கின்றனர். அங்கு அண்டை வீட்டார் அலுவலகத்தாலேயே அமைகின்றனர். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் மதிற்சுவரைச் செப்பனிடுவதும் வேறொருவர் பொறுப்பு. ஓய்வுபெறும் தறுவாயில் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் திரட்டி, முன்பின் அறியாதவரிடையே அவர்கள் வீடு வாங்குகின்றனர். பரப்பு, விலை, பேருந்து வசதி ஆகியவற்றை நுணுகி ஆராய்வோர்கூட, அக்கட்டடத்தை யாருடன் சேர்ந்து பராமரிக்கப் போகிறோம் என்பதை ஆராய்வது அரிது.

புனே நகரின் தென்மேற்கே, முத்தா ஆற்றின்மீது அமைந்த கடக்வாஸ்லா இதனை ஆராய ஏற்ற இடமாகும். அணையும், தேசியப் பாதுகாப்பு அகாடமியும், மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. இன்று நகரிலிருந்து அணை நோக்கிச் செல்லும் சிம்மகட் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. கடக்வாஸ்லா, நாந்தேட், கிர்கட்வாடி உள்ளிட்ட 23 கிராமங்கள் 2021-இல் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. எனினும் எல்லைக்கோடு மாறும் வேகத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் வந்துவிடுவதில்லை.

1961 ஜூலை 12 அன்று, கட்டுமானம் முற்றுப்பெறாதிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தைத் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைய, புனேயின் ஆற்றோரப் பேட்டைகள் நீரில் மூழ்கின. வீடிழந்தோருக்காகப் புதிய குடியிருப்புகள் அமைந்தபோது, பலர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாக ஒன்றுகூடி நிலம் பெற்றனர். சஹகார்நகர் என்னும் பெயரில் உள்ள ‘சஹகார்’ கூட்டுறவைக் குறிக்கும் மராத்திச் சொல்லே. மராட்டிய மாநிலத்திற்கு இம்முறை புதிதன்று. பம்பாயின் காம்தேவியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் 1915-லேயே தோன்றியது.

அண்மை நிகழ்ச்சிகள் இரண்டையும் கருத வேண்டும். 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லா அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது, சிம்மகட் சாலையை அடுத்த ஏக்தா நகரியில் தரைத்தளங்களிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் வெள்ளம் புகுந்தது. 2025 ஜனவரியில் நாந்தேட், கிர்கட்வாடி, கடக்வாஸ்லா வட்டாரத்தில் கீயன்-பாரே எனப்படும் நரம்புநோய் பரவியது. புனே பகுதியில் 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அசுத்தமான நீர், உணவு வழியே பரவும் காம்பிலோபாக்டர் ஜெஜுனி என்னும் நுண்ணுயிர் நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. தனியார் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றின் நீரும் பருகத் தகாதது எனத் தெரியவந்தது.

இங்குதான் அண்டை அயலார் என்போர் வெறும் நல்லுறவுப் பொருளாக அன்றிப் பொருளியல் பொருளாக ஆகின்றனர். தனி ஒரு குடும்பம் நீரைக் காய்ச்சிப் பருகலாம். ஆனால் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியைத் தனியே தூய்மைப்படுத்தவோ, லாரி நீரைத் தவறாது சோதிக்கவோ, நள்ளிரவில் கீழ்த்தளத்தாரை எழுப்பி வெளியேற்றவோ இயலாது. தொட்டி நீர் தூய்மையானால் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் பயன் ஒன்றே. ஆகவே பிறர் செலவில் பயன்பெறும் விருப்பம் எழுவது இயல்பு. அதனை அடக்கவல்லது நன்கு நடக்கும் சங்கமே. விற்பனைப் பத்திரத்தில் இதற்கென விலை குறிக்கப்படுவதில்லை என்பதால், வாங்குவோர் இதனை மதிப்பற்றதாகக் கருதிவிடுகின்றனர்.

தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கு வீடு வாங்குவோர் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நம் மாநிலத்தில் அடுக்குமாடி வீட்டுடன் பிரிபடாத நிலப்பங்கும் வாங்குபவர் பெயரில் பதிவாவது வழக்கம். மராட்டியத்திலோ நிலத்தின் உரிமை பொதுவாகச் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்படுகிறது. கட்டடம் கட்டியவர் அவ்வாறு மாற்றித் தராவிடில், அதற்குரிய அதிகாரியிடம் சங்கமே விண்ணப்பித்து உரிமையைப் பெறச் சட்டம் வழிசெய்கிறது. சங்கம் உறங்கினால் காலடி நிலம் பிறர் பெயரிலேயே கிடக்கும்; பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் காலத்தில்தான் பலருக்கு இது விளங்குகிறது.

பழைய வீட்டை வாங்குவோர் சங்கத்தின் கணக்குத் தணிக்கை அறிக்கையையும் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தையும் விற்பவர் வழியே கேட்டுப் பார்க்கலாம். சந்தா பாக்கி எவ்வளவு, பெரும்பழுதுக்கென ஆண்டுதோறும் கட்டுமானச் செலவில் குறைந்தது 0.25 சதவீதம் ஒதுக்கப்படுகிறதா, நிலவுரிமை மாறிவிட்டதா என்பவை முதன்மையான வினாக்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடைபெற வேண்டும் என்பது விதி. கூட்டத்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்பதை நடவடிக்கைப் புத்தகமே கூறிவிடும். கணபதி விழாவுக்குத் திரளும் கூட்டத்தைக் கண்டு மயங்குவோர் உளர். விழாவுக்கு வருவோர் அனைவரும் கணக்குப் பார்க்க வருவதில்லை.

புதிய கட்டடத்தில் பார்க்கப் புத்தகமே இராது. 2016-ஆம் ஆண்டின் நிலமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பெரும்பான்மையான வீடுகள் முன்பதிவான மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய வழிசெய்யப்பட வேண்டும். எனவே முன்பணம் கொடுக்குமுன், ஏற்கெனவே பதிவு செய்துள்ள நான்கைந்து பேரையேனும் தேடிச் சந்திப்பது நலம். விடுமுறை நாளில் கட்டடப் பணியைப் பார்வையிட அவர்களும் குடும்பத்துடன் வருவர். குடிநீர் எங்கிருந்து வரும், வெள்ளக் காலத்தில் ஆறு எதுவரை ஏறியது, சங்கத்தில் பொறுப்பேற்க எவர் முன்வருவர் என்று அவர்களிடமே கேட்டறியலாம்.