கோடை மழை விட்டதா? மேடை விளக்கைக் கவனியுங்கள்

வைகாசி 1-இல் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டிக் கூத்து, கச்சேரி என்று மேடை போடும் நாட்களில்தான் சூறைக்காற்றோடு இடிமழையும் வரும். மழை நின்றதும் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

1. மெயினை அணையுங்கள், ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள். நனைந்த இரும்புக் கம்பத்தில் மின்சாரம் ஏறியிருக்கலாம். தெருக்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

2. விளக்கைப் பிடித்திருக்கும் கிளாம்பை முடுக்குங்கள். காற்று ஆட்டிய ஆட்டத்தில் நட்டு கழன்றிருக்கும்.

3. தண்ணீர் புகுந்த எல்.இ.டி. விளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, நிழலில் ஒரு நாளாவது காற்றாட விடுங்கள். மூடியபடி வெயிலில் வைத்தால் ஈரம் ஆவியாகி உள்ளேயே படியும். திரும்ப எடுத்து வைக்கும் பெட்டியில் ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள், ஈரத்தை உறிஞ்சும். ஷூ தயாராகும் ஆம்பூரில் அதற்கா பஞ்சம்!

4. பிளக் முனைகளைத் துடைத்துப் பாருங்கள். தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றக் காற்று செம்பைக் கறுக்க வைக்கும். கறுத்த முனை சூடேறி உருகும்.

5. ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி வெடிக்கும்.

6. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எந்த விளக்கைப் போட்டதும் அது டிரிப் ஆகிறதோ அந்த விளக்கை ஒதுக்கி வையுங்கள், ஆர்.சி.சி.பி.யை அல்ல.