‘ஷல்’, ‘மே’: இரு துணைவினைகளும் உள்ளாட்சியும்

அலுவலக ஆங்கிலத்தில் பெரிதும் மயங்கும் வினைச்சொற்கள் ‘ஷல்’, ‘மே’ என்னும் இரு துணைவினைகளாகும். முன்னது கடமையை விதிக்கிறது. பின்னது அதிகாரத்தை அளித்து, அதனைப் பயன்படுத்தும் முடிவை உரியவரிடமே விட்டுவிடுகிறது. தமிழில் ‘செய்தல் வேண்டும்’, ‘செய்யலாம்’ என்னும் வடிவங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன.

பெஹாலாவும் ஜோக்காவும்

தென் புறநகர் நகராட்சியின் கீழிருந்த பெஹாலா, 1984-இல் கல்கத்தா மாநகராட்சியுடன் இணைந்தது. அதனை அடுத்த ஜோக்காவின் இரு கிராம ஊராட்சிகள் 2012-இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. அதனால் ஜோக்கா மக்கள், அரசியலமைப்பின் ஊராட்சிகள் பற்றிய 9-ஆம் பகுதியிலிருந்து நகராட்சிகள் பற்றிய 9-அ பகுதிக்கு மாறினர். 1993-இல் நடைமுறைக்கு வந்த இவ்விரு பகுதிகளிலும் வினைச்சொற்களின் அமைப்பு ஒன்றே.

கடமை எது, விருப்புரிமை எது?

உள்ளாட்சி மன்றங்களை அமைத்தல், ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தலை நிறைவு செய்தல், மாநில நிதி ஆணையத்தை நிறுவுதல் ஆகியவற்றிற்கு ‘ஷல்’ ஆளப்பட்டுள்ளது. அதிகாரங்களை வழங்கும் 243-ஜி, 243-டபிள்யூ பிரிவுகளிலும், வரி விதிக்க அனுமதிக்கும் 243-எச், 243-எக்ஸ் பிரிவுகளிலும் மாநிலச் சட்டமன்றத்திற்கு ‘மே’ என்றே கூறப்பட்டுள்ளது. ஆகவே, மன்றம் இருப்பது உறுதி; அதன் கையில் பணியும் பணமும் எவ்வளவு என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களும் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களும் தாமாகவே மன்றங்களைச் சேர்வதில்லை. குடிநீர் வழங்கல் பன்னிரண்டாம் அட்டவணையில் இருப்பினும், அப்பொறுப்பு நகராட்சியிடம் வருவதற்குச் சட்டத்தின் வழியான ஒப்படைப்பு தேவை.

‘மே நாட்’ என்பது மேலும் கவனத்திற்குரியது. 20 இலட்சத்திற்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள மாநிலத்தில் இடைநிலை ஊராட்சி பற்றிய 243-பி பிரிவில் இச்சொல் வருகிறது. அங்கு அதன் பொருள் ‘அமைக்கக் கூடாது’ என்பதன்று. ‘அமைக்காமலும் இருக்கலாம்’ என்பதே.

விதிவிலக்குகள்

நீதிமன்றங்கள் சொல்லை மட்டும் நோக்குவதில்லை. மன்போதன் லால் வழக்கில் (1957), பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய ‘ஷல்’ கட்டாயமன்று, வழிகாட்டுவதே என உச்ச நீதிமன்றம் கொண்டது. மாறாக, அதிகாரத்துடன் கடமையும் பிணைந்திருக்குமிடத்து ‘மே’ கட்டாயப் பொருள் பெறலாம்.

எனவே விதியைப் படிப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: வினை எது? யாரை நோக்கியது? செய்யத் தவறினால் விளைவு யாது? மொழிபெயர்ப்பில் ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ என மாறினால், இல்லாத உரிமையொன்றை மக்களுக்குக் காட்டியவராவோம். ‘வேண்டும்’ என்பது ‘லாம்’ என மாறினால், உள்ள உரிமையொன்றைப் பறித்தவராவோம்.