பச்சை வந்ததா?

அன்புள்ள முகிலா,

“புளூட்டோவுக்குப் போக ஒன்பதரை வருஷம் ஆச்சாமே மாமா, அதுவரைக்கும் அந்த விண்கலம் சும்மாவா போயிட்டிருந்துச்சு?” என்று கேட்டிருந்தாய். ராக்கெட் கிளம்பிய கதையையும் படம் வந்து சேர்ந்த கதையையும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்கென்னவோ நடுவில் கிடக்கும் வருஷங்கள்தான் பிடிக்கும்.

நீ கேட்ட அந்த விண்கலம், நியூ ஹொரைசன்ஸ், 2006 ஜனவரி 19 அன்று கேப் கனவெரலிலிருந்து கிளம்பியது. (அன்றைக்குப் புளூட்டோ ஒன்பதாவது கோள். அதே வருஷம் ஆகஸ்டில் வானியலாளர்கள் கூடி அந்தப் பதவியைப் பறித்துக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். கலம் பாதி வழியில் திரும்பவா முடியும்?) 2007 பிப்ரவரியில் வியாழனை உரசிப் போய், அதன் ஈர்ப்பால் கூடுதல் வேகம் பெற்றது. அதற்குப் பிறகு எஞ்சினை எரித்துக்கொண்டே போகத் தேவையில்லை. சூரியன் பின்னாலிருந்து இழுத்தாலும், வாங்கிய வேகமே போதும்.

ஆகவே அதைத் தூங்கவைத்தார்கள். 2007 நடுவிலிருந்து 2014 டிசம்பர் வரை 18 முறை. மொத்தம் 1,873 நாள். குட்டித் தூக்கம் 36 நாள், நீண்ட தூக்கம் 202 நாள். பெரும்பாலான கருவிகள் அணைந்திருக்கும். கணினி மட்டும் உடம்பைக் கவனித்துக்கொண்டிருக்கும். கலம் நிமிடத்துக்கு ஐந்து சுற்று சுழன்றபடி போகும். சுழலும் பம்பரம் சாயாதல்லவா, அதுபோல எரிபொருள் செலவில்லாமலே அதன் ஆன்டெனா பூமிப் பக்கம் பார்த்தபடி இருக்கும்.

எதற்கு இந்தத் தூக்கம்? கருவிகள் தேயாமலிருக்க என்பது ஒரு காரணம். பூமியில் உள்ள காரணம் இன்னும் பெரியது. தொலைதூரக் கலங்களோடு பேச நாசாவுக்கு மூன்றே இடங்களில் பெரிய ஆன்டெனாக்கள் உண்டு: கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பரா. எல்லாக் கலங்களும் அங்கே வரிசையில் நிற்கின்றன. தூங்குகிற கலத்துக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். அதைப் பார்த்துக்கொள்ளச் சின்னக் குழுவும் போதும்.

அந்தக் குழு மேரிலாந்து மாநிலத்தின் லாரல் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தது. தலைமை ஆலிஸ் போமன். வாரம் ஒருமுறை கலத்திலிருந்து ஒரே ஒரு சமிக்ஞை வரும். ‘பச்சை’ என்றால் எல்லாம் நலம். ஏழு வகைச் ‘சிவப்பு’களில் ஒன்று வந்தால், ஏதோ கோளாறு, உடனே கவனி என்று பொருள். மாதம் ஒருமுறை கொஞ்சம் விரிவான உடல்நல அறிக்கை. பல வாரங்களுக்கு அவர்கள் எதிர்பார்த்த செய்தி ‘பச்சை’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை!

தூக்கத்துக்கு நடுவே எழுப்பிக் கருவிகளைச் சோதிப்பார்கள், மென்பொருளைப் புதுப்பிப்பார்கள், பாதையை அளப்பார்கள். அனுப்பப்போகும் கட்டளைகளை முதலில் தரையில் உள்ள மாதிரிக் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். 2013-இல், புளூட்டோவை நெருங்கும்போது செய்யவேண்டிய ஒன்பது நாள் வேலையையும் வெறும் விண்வெளியிலேயே கலத்தைச் செய்யவைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

உன் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மற்ற கருவிகள் உறங்கும்போதும் பெரும்பாலும் விழித்திருந்தது, விண்தூசியை எண்ணும் கருவி. செய்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள். அதற்கு வைத்த பெயர் வெனிஷியா பர்னி. 1930-இல், பதினோரு வயதில், அந்தக் கோளுக்குப் புளூட்டோ என்ற பெயரைச் சொன்ன ஆக்ஸ்போர்டு சிறுமி அவள்.

2014 டிசம்பர் 6 அன்று கலம், முன்பே ஏற்றிவைத்த கட்டளைப்படி தானாகக் கண் விழித்தது. விழித்துவிட்டேன் என்ற செய்தி, ஒளியின் வேகத்தில் வந்தும், பூமியைச் சேர ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆனது. 2015 ஜூன் 30 அன்று 23 விநாடி மட்டும் எஞ்சினை எரித்து, வேகத்தை விநாடிக்கு 27 சென்டிமீட்டர் கூட்டினார்கள். அதைச் செய்யாவிட்டால் 20 விநாடி தாமதமாக, குறியிலிருந்து 184 கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும்.

அப்புறம் ஜூலை 4. புளூட்டோவுக்கு இன்னும் பத்தே நாள். மதியம் சமிக்ஞை அறுந்துபோனது. முதன்மைக் கணினி பழைய தரவைச் சுருக்கிக்கொண்டிருந்தபோதே, நெருங்கும் வாரத்துக்கான கட்டளைத் தொகுப்பையும் நினைவகத்தில் எழுதவேண்டியிருந்தது. சுமை தாங்காமல் கலம் மாற்றுக் கணினிக்குத் தாவி, பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. 81 நிமிடம் கழித்துத்தான் அதன் குரல் கேட்டது. ஒரு கேள்வி அனுப்பிப் பதில் வாங்க ஒன்பது மணி நேரம் ஆகும் தூரம். அப்படியும் ஜூலை 7-க்குள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டார்கள். அதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது வருஷம் எந்தக் கட்டளையையும் சோதிக்காமல் அனுப்பாத கைகள் அவை.

ஜூலை 14 அன்று கலம் புளூட்டோவைக் கடந்தது. அன்று சேர்த்த தரவு மொத்தமும் இறங்கி முடிய 2016 அக்டோபர் ஆகிவிட்டது. அவ்வளவு மெதுவான இணைப்பு.

அப்பாவின் கணினியில் ‘டிஎஸ்என் நவ்’ என்று தேடிப் பார். அந்த மூன்று இடங்களிலும் எந்த ஆன்டெனா இப்போது எந்தக் கலத்தோடு பேசுகிறது என்று காட்டும் நாசாவின் பக்கம் அது. வாயேஜர் விண்கலம் தட்டுப்பட்டால், சமிக்ஞை போய்த் திரும்ப எத்தனை மணி நேரம் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா