வாய்ப்பாடமும் வாசிப்பும்

மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளையொன்று பாடநூலை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் தங்குதடையின்றிக் கூறுகின்றது. பெற்றோர் மகிழ்கின்றனர். அப்பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலால் சுட்டி, ‘இது என்ன?’ என வினவினால், பிள்ளை மீண்டும் முதல் வரியில் தொடங்கி அச்சொல் வரும்வரை ஓதிய பின்னரே விடை கூறுகின்றது. இது வாய்ப்பாடமேயன்றி வாசிப்பு அன்று. இவ்விரண்டின் வேறுபாடு அறியப்படாமையால், ஐந்தாம் வகுப்பு வரையிலும் படிக்கத் தெரிந்தவர்களாகவே கருதப்பட்டு வரும் பிள்ளைகள் பலர் உளர். வாசக அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டுகின்றோம்.

மனப்பாடத்தை நாம் இகழ்வதாக எவரும் கொள்ளலாகாது. பஞ்ச நமஸ்காரத்தை எழுத்தறியா முன்னரே நம் பிள்ளைகள் செவிவழியாகக் கற்கின்றனர், அது சிறப்பே. ஆயின் செவி செய்யும் வேலையைக் கண் செய்ததாகக் கணக்கிடக்கூடாது என்பதே நம் கருத்து.

மீஞ்சூர் ஒன்றியத்தைச் சார்ந்த பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஐந்து வயதுப் பிள்ளை மடவை, கொடுவா, இறால், நண்டு, தோணி, வலை, முகத்துவாரம் எனச் சொற்களைச் சுமந்தே பள்ளிக்கு வருகின்றது. இஃது இல்லம் அளித்த செல்வம். பள்ளி அளிக்க வேண்டுவது எழுத்து. இரண்டும் எங்குச் சந்திக்கின்றன என்பதில்தான் சிக்கல் உள்ளது.

‘வலை’ என்னும் சொல்லைப் பாருங்கள். வீட்டில் அது ‘வல’ என்றே ஒலிக்கின்றது. ஏட்டிலோ இறுதியில் ஐகாரம் உண்டு. அவ்வைகாரத்தின் குறி லகரத்திற்கு முன்னே நிற்கின்றது; ஒலியோ லகர மெய்க்குப் பின்னே வருகின்றது. ‘தோணி’யில் ஓகாரக் குறி தகரத்தை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றது. ‘இறால்’ பேச்சில் ‘எறா’ ஆகிவிடும். 247 எழுத்துகளையும் வரிசையாகக் கூறத் தெரிந்த பிள்ளை ஒரு சிறு சொல்லின் முன் திகைத்து நிற்பதன் காரணம் மந்தபுத்தி அன்று. வாய்மொழிக்கும் நூல்மொழிக்கும் இடையேயுள்ள இத்தொலைவே. இதனை அறியாது பிள்ளையை அதட்டும் பெரியவர்களைக் காணுந்தோறும் நாம் வருந்துகின்றோம்.

பொருள் வேற்றுமையும் உண்டு. ‘பாடு’ என்றால் பாடநூலில் பாட்டுப் பாடுதல். ஏரிக்கரைப் பிள்ளைக்கோ பாடு என்பது ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மீன்பிடி உரிமை. தந்தையின் முறை என்று வரும் என்பதே வீட்டின் உணவை முடிவு செய்வது. ஆசிரியர் இவ்விரு பொருளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராயின், எழுத்து என்பது தன் வாழ்க்கையையும் பேசும் என்று பிள்ளை அன்றே உணரும்.

நம் இல்லங்களில் வேறொரு தடையும் நேர்வதுண்டு. 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, லை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. பாட்டனார் போற்றி வைத்துள்ள பழம்பதிப்புகளில் ‘வலை’, ‘இறால்’ இரண்டுமே வேறு உருவில் இருக்கும். தும்பிக்கை போல் வளைந்த அந்த லையைப் பிள்ளைக்கு ஒருமுறை விளக்கிவிட்டால் தாத்தாவின் நூலும் அதற்குத் திறந்துவிடும்.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே உரக்க ஒலித்தனர். கை, கண், வாய், செவி நான்கும் ஒருங்கே உழைத்தன. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இத்தகைய மணல் எழுத்துப் பயிற்சியைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இசையாதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையவர்க்கு எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். 1797-இல் அவர் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவிற்று.

மாணவன் கற்பித்துக் கற்றல் நமக்குப் புதிதன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியரிடம் நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிட்டும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்றும் கணக்கிட்டு வைத்தார். ஒன்றாம் வகுப்புத் தங்கைக்கு எழுத்துக் கூட்டிக் காட்டும் நான்காம் வகுப்பு அண்ணன் இக்கணக்கின்படியே நடக்கின்றான்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது இல்லத்தின் பங்கும் பள்ளியின் பங்கும் வெளிப்படையாயின. பிரதம் நிறுவனம் நாட்டின் ஊர்ப்புறங்களில் வீடுவீடாகச் சென்று நடத்தும் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்ல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர். 2022-இல் 20 பேரே. 2024-இல் மீண்டும் 27 ஆயிற்று. இழந்தது மீண்டது எனினும், எஞ்சிய 73 பேரை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

தமிழக அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, மாலை வேளையில் தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் தெருவிற்கே அனுப்பிற்று. 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப் பெற்றது. அதில் பிள்ளைகள் வகுப்பால் அன்றி, எட்டிய நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்தறியாத பிள்ளையை எழுத்திலிருந்தே தொடங்க விடுவது இதன் நற்பயன் என்போம். ‘அரும்பு’ என்ற பெயரையே சிலர் இழிவாகக் கருதுவது பொருந்தாது.

எழுத்தறியாத தாயால் இதில் என்ன செய்ய இயலும் என்று வினவுவோர் உளர். அவரும் சோதிக்கலாம். பிள்ளையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லலாம். மனப்பாடமாயின் அங்கேயே நின்றுவிடும். குடும்ப அட்டையில் தம் பெயர் எங்குள்ளது எனக் கேட்கலாம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் பேருந்தின் பலகையைப் படிக்கச் செய்யலாம். கடலுக்குப் போகும் வீடுகளில் மாலையில் தந்தை உறங்கக்கூடும். விடியலில் அவர் கரையேறிய பின் பத்து நிமிடம் போதும். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே விடையைச் சொல்லிவிடாமல், முதல் எழுத்தை மட்டும் ஒலிக்கச் செய்து சற்றுப் பொறுத்திருத்தல் நலம். அதற்குமேலும் வாராவிடில் சொல்லைக் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் செல்க.