பிறவி வளைவு: அப்படியே விடுவதா, தைப்பதா?

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் தம்பி ஒருவன், கல்யாணம் முற்றான கிழமையில் என்னைத் தேடி வந்தான். சொல்ல வாய் வரவில்லை. உதிரிப்பாகக் கடைத் துண்டைத் திருப்பிப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு கோடு கீறினான். கோடு பாதியில் கீழ்நோக்கி வளைந்தது. "விறைக்கேக்க இப்பிடித்தான் அண்ணா. வயசுக்கு வந்த நாளிலயிருந்து. இதுக்கு மருந்து இருக்கா?"

மருந்து இல்லை. வழி உண்டு, அதுவும் ஒன்றல்ல. எதை எடுப்பது என்பது வளைவு எவ்வளவு, அது எதைத் தடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் தங்கியிருக்கிறது.

ஆண்குறிக்குள் இரத்தம் நிரம்பி விறைக்கும் இரண்டு குழல்கள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி ஒரு கெட்டியான உறை. மோட்டார் சைக்கிள் டயரும் ட்யூபும் மாதிரி என்று அவனுக்குச் சொன்னேன். டயரின் ஒரு பக்கம் கொஞ்சம் குட்டையாக அமைந்துவிட்டால், காற்றில்லாதபோது எதுவும் தெரியாது. காற்றடித்ததும் அந்தப் பக்கமாக வளையும். கருவில் அந்த உறை இரு பக்கமும் ஒரே அளவில் வளராததுதான் பிறவி வளைவு. அநேகமாகக் கீழ்நோக்கி இருக்கும், சிலருக்குப் பக்கவாட்டில், மேல்நோக்கி மிக அரிது. பழக்கவழக்கத்தால் வந்ததல்ல, சுயஇன்பத்தால் வந்ததல்ல, யாருடைய பாவமுமல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வருகிறவர்களில் பலர் பத்து வருடம் அந்தக் குற்ற உணர்வைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். முன்பு நேராக இருந்து, நடுவயதில் வலியோடு வளையத் தொடங்கி, தொட்டால் உள்ளே கட்டி போலத் தட்டுப்பட்டால் அது வேறு நோய். 1743இல் அதை விவரித்த பிரெஞ்சு அரச சத்திரசிகிச்சை வைத்தியர் லா பெய்ரோனியின் பெயரால் பெய்ரோனி நோய் என்பார்கள். அதற்கு வேறு கணக்கு. உறவின்போது 'டக்'கென்று சத்தம் கேட்டு, விறைப்பு உடனே தளர்ந்து, வீங்கிக் கறுத்தால் உறை கிழிந்திருக்கலாம். அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று வெட்கப்பட்டுக் கிடக்கக் கூடாது.

இனி வழிகளுக்கு வருவோம். அப்படியே விடுவதும் ஒரு வழி, பலருக்கு அதுதான் சரியான வழி. முழுக்க நேரான குறி என்பது பாடப்புத்தகப் படத்தில்தான் உண்டு. வளைவை அளக்கப் பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டியிலிருக்கும் பாகைமானியே போதும். வீட்டில், முழு விறைப்பில், மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகக் கைபேசியில் படம் எடுத்து, அடித்தண்டின் கோட்டுக்கும் நுனியின் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாருங்கள். 30 பாகைக்குக் குறைந்த வளைவு பெரும்பாலும் உறவுக்குத் தடையாவதில்லை. அதற்கு மேல் போனாலும் தனக்கோ துணைக்கோ வலியில்லை, நுழைவதில் சிரமமில்லை என்றால் கத்தி தேவையில்லை. விந்தின் தரத்துக்கும் இந்த வளைவுக்கும் தொடர்பில்லை. உறவு கொள்ள முடிகிறவனுக்கு இதனால் பிள்ளை தங்காமல் போவதில்லை. அந்தப் படங்களை அழித்துவிடாமல் பூட்டி வையுங்கள். கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பத்திரிகை மூலையில் 'ஆண்மைக் குறைவா?' என்று வரும் விளம்பர எண்ணெய்களும் லேகியங்களும் ஒரு வழியே அல்ல. உறையின் நீளக் குறையை எந்த எண்ணெயும் வளர்க்காது. கையால் வளைத்து நிமிர்த்தப் பார்ப்பதால் உறை கிழிந்து, இல்லாத நோயும் சேரலாம். அமெரிக்காவில் 2013இல் கொலாஜினேஸ் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது உண்மை. அது பெய்ரோனி நோயின் தழும்பைக் கரைப்பதற்கானது. பிறவி வளைவில் கரைக்கத் தழும்பே இல்லை.

ஆகவே உண்மையான தெரிவு, விடுவதற்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில்தான். சத்திரசிகிச்சைக்குள்ளும் இரண்டு பாதைகள் உண்டு. தையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் ஒரு பக்கம் நீண்டு, மறு பக்கம் குட்டையாக வந்துவிட்டது. நீண்ட பக்கத்தை மடித்துத் தைக்கலாம், அல்லது குட்டைப் பக்கத்தைப் பிரித்து ஒட்டுத்துணி வைக்கலாம்.

மடித்துத் தைக்கும் பாதையைத் திறந்தவர் அமெரிக்க வைத்தியர் ரீட் நெஸ்பிட். 1965இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். வளைவுக்கு எதிர்ப்புறம், அதாவது நீண்ட பக்கத்தில், உறையிலிருந்து கண் வடிவத் துண்டொன்றை வெட்டி எடுத்து விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பது அவர் முறை. 1990இல் யாக்கியா என்பவர் துண்டை எடுக்காமல், நெடுக்காகக் கீறியதைக் குறுக்காகத் தைத்துக் காட்டினார். 2002இல் டொம் லூ என்பவரின் குழு உறையை வெட்டவேயில்லை. பதினாறு புள்ளிகள் குறித்துக்கொண்டு, கரையாத நூலால் மடித்து இழுத்துக் கட்டியது. வெட்டு குறையக் குறைய விறைப்புக்கான ஆபத்தும் குறைகிறது, ஆனால் முழுப் பாரமும் நூலின் முடிச்சில் வந்து நிற்கிறது. முடிச்சு தளர்ந்தால் வளைவு கொஞ்சம் திரும்பலாம், தோலுக்கடியில் முடிச்சு கைக்குத் தட்டுப்படவும் செய்யலாம். எந்த முறை என்றாலும், மேசையில் கிடக்கும்போதே உப்புநீர் ஏற்றிச் செயற்கையாக விறைக்க வைத்து, நேராகிவிட்டதா என்று பார்த்த பிறகே முடிப்பார்கள். 1970களிலிருந்து வழக்கத்திலுள்ள இந்தச் சோதனைதான் இந்தத் துறையில் ஊகத்தைக் குறைத்தது.

மடிப்பதற்கு விலை நீளம். நீண்ட பக்கம் குட்டைப் பக்கத்தின் அளவுக்கு வருகிறதே தவிர, குட்டைப் பக்கம் வளர்வதில்லை. வளைவு கூடக் கூட இழப்பும் கூடும். இன்னொன்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உறையை அடைய, நுனிக்குக் கீழே சுற்றிவரக் கீறித் தோலைப் பின்னால் உருட்டுவதுதான் பெரும்பாலான வழக்கம். அப்போது முன்தோலையும் அகற்றிவிடுவது உண்டு. சுன்னத்துச் செய்யாத இந்து, கிறிஸ்தவ இளைஞர்கள் கண் விழித்துப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான்.

ஒட்டுப் போடும் பாதையில் காலிலிருந்து எடுத்த நாளத்தையோ, பதப்படுத்திய திசுவையோ குட்டைப் பக்கத்தில் வைப்பார்கள். நீளம் அதிகம் போகாது. ஆனால் நேரம் கூடுதல், பிற்பாடு விறைப்பு தளரும் ஆபத்தும் கூடுதல். பிறவி வளைவுள்ளவர்கள் அநேகமாக இளவயதினர், நல்ல விறைப்பும் போதிய நீளமும் உள்ளவர்கள். அந்த நல்ல விறைப்பைப் பணயம் வைத்து ஒரு சென்டிமீட்டரைக் காப்பாற்றுவது சரியான வியாபாரமாக எனக்குப் படவில்லை. வளைவு மிகக் கடுமையாகவோ நீளம் மிகக் குறைவாகவோ இருந்தாலொழிய, மடித்துத் தைப்பதையே சொல்வேன்.

எங்கே போவது? முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, அங்கிருந்து சத்திரசிகிச்சைக் கிளினிக், தேவைப்பட்டால் கடிதத்தோடு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ. அரச வைத்தியசாலையில் செலவு பஸ் காசும் தங்குமிடமும்தான், காத்திருக்கத்தான் வேண்டும். தனியாரில் சனல் பண்ணினால் திகதி கெதியாகக் கிடைக்கும், செலவு கையை மீறலாம். கொழும்புக்குப் போகிற தமிழ் இளைஞனுக்குக் கத்தியைவிடப் பெரிய பயம், சிங்களத்தில் இதை எப்படிச் சொல்வது, மொழிபெயர்க்க மாமாவைக் கூட்டிப்போவதா என்பது. உள்ளூர் கிளினிக்கிலேயே கோணம், திசை, எப்போதிருந்து, என்ன சிரமம் என்று கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதமும் படங்களும் இருந்தால் அங்கே பேச வேண்டியது பாதியாகிவிடும்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் தனி. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் திறந்து, முன்தோல் மேலே மட்டும் குல்லாய் போலக் கவிந்து, குறி கீழே வளைந்திருந்தால் அதை ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். இதைத் திருத்த ஏற்ற பருவம் 6 முதல் 18 மாதம் வரை. கிண்ணியா, மூதூர்த் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்ய அவசரப்படாதீர்கள். புதிய சிறுநீர்ப் பாதையை அமைக்கச் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு அந்த முன்தோல்தான் துணி. வெட்டி எறிந்த பிறகு அதற்கு ஈடு தேடுவது கடினம். சிகிச்சை முடியும்போதே சுன்னத்தும் முடிந்துவிடுவது வழக்கம், ஆகவே கடமை தவறுவதில்லை. பிள்ளைக்கு விதையும் இறங்காமலிருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் நப்பியைக் கழற்றிக் காட்டுங்கள். பெரியவர்களுக்குத்தான் வெட்கம், பிள்ளைக்கு இல்லை.

துவாரம் சரியாக இருந்து வளைவு மட்டும் உள்ளவர்கள், பருவ வளர்ச்சி முடியும்வரை பொறுத்து, தாமே தீர்மானிக்கும் வயதில் போவது நல்லது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு கிழமை உறவு கூடாது. முதல் நாட்களில் விடியற்காலை விறைப்பு வந்து தையல் இழுக்கும், பயப்பட வேண்டாம். பாரம் தூக்குவது, வள்ளம் தள்ளுவது எப்போது என்பதை வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

எஞ்சின் திருத்தும் தம்பியின் கோணம் 50 பாகைக்கு மேல் வந்தது. மடித்துத் தைப்பதைத் தெரிந்தெடுத்தான். நீளம் கொஞ்சம் குறையும் என்பதையும் சேர்த்து, கட்டப்போகிற பிள்ளையிடம் அவனே போனில் கதைத்தான். கல்யாணம் ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளிப்போனது. ஏன் என்று கேட்ட சொந்தக்காரருக்கு, "மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன ஒப்பரேசன்" என்று மட்டும் தாய் சொன்னார்.