‘அட்வைஸ்’ யாரைக் கட்டும்?

மேட்டுப்பாளையம்,
புதுச்சேரி.

அன்புள்ள பேத்திக்கு,

சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கும் உனக்கு ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ‘அட்வைஸ்’ என்பதுதான் அது. வீட்டில் அதற்கு ஒரே பொருள்: பெரியவர்கள் சொல்வார்கள், பிள்ளைகள் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைத் திறந்தால், நம் ஊர் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதையே தவறாகப் புரிந்துகொள்வாய். இங்கே தொழிற்பேட்டையில் கணக்கெழுதுபவர்களுக்குப் ‘பேமென்ட் அட்வைஸ்’ என்றால் பணம் அனுப்பியாயிற்று என்ற தகவல். அதில் யோசனை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரின் அட்வைஸை மீறி டிஸ்சார்ஜ் ஆக விரும்புகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு, விளைவும் அவரையே சேரும். ஆக, யார் யாருக்குச் சொல்கிறார், மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் இந்த வினையின் பலத்தை அளக்க முடியும்.

நம் புதுச்சேரிக்குப் பொருந்தும் 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தில் 44ஆம் பிரிவை எடுத்துக்கொள். முதலமைச்சர் தலைமையிலான அமைச்சரவை, துணைநிலை ஆளுநருக்கு உதவவும் ‘அட்வைஸ்’ செய்யவும் இருக்கிறது என்கிறது அது. அவர் அதற்குக் கட்டுப்பட்டவரா? அகராதியைக் கேட்டால் இல்லை என்னும். ஆனால் இந்தச் சொல் பிரிட்டனின் நாடாளுமன்ற மரபிலிருந்து நமக்கு வந்தது. அங்கே அமைச்சர்கள் மன்னருக்குச் சொல்லும் அட்வைஸ்தான் முடிவு. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அமைச்சர்கள், மன்னர் அல்ல. குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொன்னபடியே நடக்க வேண்டும் என்ற வாசகம் 1976இல், 42ஆவது திருத்தத்தில்தான் அரசியலமைப்பில் ஏறியது. அதற்கு முன்பே, 1974இல், ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் சில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவையின் சொற்படிதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. துணைக்கு வேறு வாசகம் இல்லாதபோதே இந்த வினை கட்டுப்படுத்தியிருக்கிறது என்பதால், இதையே வலுவான சான்றாகக் கருதுகிறேன்.

“புதுச்சேரி மாநிலம் இல்லையே தாத்தா” என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. கருத்து வேறுபாடு வந்தால் துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி, அவர் முடிவுப்படி நடக்க வேண்டும், அவசரமென்று கருதினால் அதுவரை தாமே நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே 44ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்த வழியை வகுத்திருப்பதிலேயே பதிலும் இருக்கிறது. விருப்பம்போல் ஒதுக்கிவிடக்கூடிய யோசனையாக இருந்தால் அதை டெல்லிக்கு அனுப்பச் சொல்வானேன்? டெல்லி அரசுக்கும் அதன் துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான வழக்கில் 2018 ஜூலை 4 அன்று உச்ச நீதிமன்றம், ‘எந்த விஷயத்திலும்’ வேறுபடலாம் என்பதை ‘ஒவ்வொரு விஷயத்திலும்’ என்று படிக்கக் கூடாது என்றது. டெல்லிக்கு 239ஏஏ, நமக்கு 239ஏ என்று அரசியலமைப்பில் இடம் வேறு என்பதால் அந்தத் தீர்ப்பை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் அந்தத் தர்க்கம் நமக்கும் பொருந்தும் என்பதே என் எண்ணம். அமைச்சர்கள் சட்டத்துக்குப் புறம்பாகச் சொன்னாலும் கையெழுத்துப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். விளக்கம் கேட்கலாம், மேலே அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைத் தாண்டி அன்றாடம் தாமே ஆள்வது வேறு விஷயம்.

இது முடிந்துபோன வாதம் என்றும் நினைத்துவிடாதே. புதுச்சேரியின் அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. என் கட்சிக்கு எதிராக நிற்கும் இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் நீ முதலில் படிக்க வேண்டும், நாளிதழ்ச் சுருக்கமாக அல்ல, முழுதாக. 44ஆம் பிரிவையும் அலுவல் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து, முந்திய தீர்ப்பிலிருந்து அது எந்த இடத்தில் விலகுகிறது என்று எனக்கு எழுது, கண்ணு.

அன்புடன்,
தாத்தா